உருகிய கயிறும் என் உள்ளங்கையும்

திருப்பாலைக்குடியில் வலையும் கயிறும் விற்கும் கடை, ஒரு ஐஸ் கம்பெனி, இரண்டு விசைப்படகு, மாடி வீடு, நாலு பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு. இத்தனையும் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் உண்டாக்கியது. கயிறு விஷயத்தில் இந்தக் கரையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த நினைப்புதான் போன தை மாதம் மேலூர்ப் பக்கத்து மொட்டைப் பாறையில் என்னைத் தலைகுனிய வைத்தது.

ஐஸ் கம்பெனியில் முப்பது வருடமாக என் கூட்டாளியாக இருப்பவனுக்கு அறுபது வயது முடிந்தது. அதற்குப் பரிசாக, சனி ஞாயிறு கூடாரத்தில் தங்கிப் பாறையேறும் பயணத்துக்கு அவன் மகள் பணம் கட்டிவிட்டாள். துணைக்கு நான் போனேன். எங்கள் பக்கம் உயரம் என்றால் படகின் கொடிமரம்தான். சனிக்கிழமை முழுக்க, சொல்லிக்கொடுக்க வந்த பெண் இடுப்பில் வார் கட்டி எங்களை ஏற்றி இறக்கினாள். அவள் கயிறு என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. என் காரில் புதுப் படகுக்கயிறு ஒரு சுருள் கிடந்தது.

ஞாயிறு காலை அவள் எழும்புவதற்குள் கூட்டாளியைக் கிளப்பினேன்.

"அந்தப் புள்ள வந்திரட்டும்டா" என்றான்.

"ஏலே, காத்துல படகையே நிறுத்துற கயிறு. உன் தொந்தியத் தாங்காதா?"

"தொந்திய விடு. உன் வாயத் தாங்குமான்னு பாரு."

சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டிக்கொண்டான். என்னை நம்பித்தான் கட்டினான்.

பின்பக்க வழியாக மேலே போனோம். அங்கே நட்டிருந்த இரும்புக் கம்பத்தில், படகுத்துறையில் செய்வதுபோலக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவனை இறக்கினேன். பாதியில் அவன் கால் வழுக்கியது. கயிறு கம்பத்தில் சர்ரென்று ஓடியது. இழுத்து நிறுத்துவதற்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். படகில் கயிறு எப்போதும் நனைந்தே கிடக்கும். காய்ந்த கயிறு இரும்பில் உரசினால் உருகும் என்பது, நாற்பது வருடம் கயிறு விற்ற எனக்குத் தெரியவில்லை. கம்பத்தைச் சுற்றிய இடத்தில் நாலைந்து இழைதான் மிச்சம். அது அறுவதற்குள், அவன் தொங்கிய பக்கத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலைப் பாறை இடுக்கில் கொடுத்துக் கத்தினேன்.

அந்தப் பெண் ஓடி வந்து, நான் சிரித்த அதே கயிற்றோடு அவனிடம் இறங்கினாள். அவனைத் தன் கயிற்றில் மாட்டும்வரை நான் விடவில்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று.

"தப்பு என்மேலதான்டா" என்று அங்கேயே சொன்னேன். அவன் என் கையைப் பார்க்கவே இல்லை.

அடுத்து வந்த மாதா கோவில் திருவிழாவில் அந்தப் பெண்ணை வரவழைத்துச் சால்வை போர்த்தினான். மைக்கில் பேசினான்: "என் உசுரக் காப்பாத்துனது இந்தப் புள்ள. என் கூட்டாளி கயிறு என்னைக் கொல்லப் பாத்துச்சு." ஊரே கை தட்டியது. முன்வரிசையில், கட்டுப் போட்ட கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். என்னால் தட்டவும் முடியவில்லை. அவனுக்கும் சொந்தப் படகுகள் உண்டு; இத்தனை வருடமும் என் கடைக் கயிறுதான். இப்போது தொண்டியிலிருந்து வருகிறது.

தெரிந்த தொழிலே ஆளின் கண்ணை மறைக்கும் என்று அன்று கற்றுக்கொண்டேன். கயிறு என்னுடையது, தப்பும் என்னுடையது. எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன். அந்தப் பெண் வந்து சேரும்வரை தன்னைப் பிடித்திருந்தது யார் கை என்பதை, அதே மைக்கில், அதே ஊர் முன்னால் அவனும் சொல்ல வேண்டும்.