கைமாறிய சீட்டுகள்

பழவேற்காட்டில் வலை இழுப்போரின் தோள்வலியைச் சீன அக்குபஞ்சர் தணிக்குமா என்பதே என் பணிக்காலத்தின் இறுதி ஆய்வு. குலுக்கலில் எடுத்து ஒவ்வொரு முறையும் அவர்கள் காட்டிய எண் சீட்டுப்படி, பாதிப்பேருக்கு உரிய புள்ளிகளிலும் ஒப்பிட்டுப் பார்க்க மற்றவர்க்குச் சற்று விலகியும் ஊசியிட்டேன். எவருக்கு எது என்பதை அவர்கள் அறியார்.

ஆய்வு முடிவதற்கு முந்தைய நாள், எட்டாம் எண் சீட்டுடன் வந்தவரின் தோளில், எட்டாம் எண்ணுக்கு என் ஏட்டில் குறித்துவைத்திருந்த தழும்பைக் காணவில்லை.

“இது உங்க சீட்டா?”

“மச்சானுது சார். எட்டாம் நம்பர் ஊசி நல்லா கேக்குதுனு ஊரே பேசுது. எனக்கு வலி ஜாஸ்தினு மாத்திக் குடுத்தான். ஏரியில பாடு மாத்திக்கிறதில்லையா?”

பாடு எனும், ஏரியில் மீன்பிடிக்கும் இடமும் அவர்களுக்குக் குலுக்கலில்தான் வாய்க்கும். தமக்கு விழுந்த இடத்தை உறவினருக்கு விட்டுக்கொடுப்பது அங்கே நல்வழக்கம்.

இவ்விருவர் மட்டுமெனில் அவர்களை நீக்கிவிடலாம். பலரெனில் ஆய்வே வீண்.

வலைக்கொட்டகையில் கூடியிருந்தோரிடம், “சீட்ட மாத்திக்கிட்டவங்க கை தூக்குங்க” என்றேன்.

ஒரு கை எழுந்தது. அதைக் கண்டு அடுத்தது, பிறகு வரிசையாய்ப் பல. எண்ணத் துணியாமல் நின்றேன்.

“இன்னா சார், தப்பா?” என்றார் முன்வரிசையில் ஒருவர். ஆய்வு தொடங்கிய நாளில் சட்டையைக் கழற்றவும் தோளை உயர்த்த இயலாதவர் அவர். இப்போது அவர் கை தலைக்கு மேல் நின்றது.

எந்த ஊசி அதை உயர்த்தியது என்று என்னால் இனி எழுத முடியாது.