ஆன்ஷல் குர்லாண்டருக்குக் கல்யாணம் ஆயிற்றா?

ஆன்ஷல் குர்லாண்டர் தன் வாழ்நாளில் எந்த நாடகத்துக்கும் வசனம் பாடம் செய்ததில்லை. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நியூயார்க்கில் இரண்டாம் அவென்யூவில் இருந்த யூதர்களான எங்கள் யித்திஷ் மொழி நாடகக் கொட்டகையில், மேடையின் முன்விளிம்பில் இருந்த பெட்டிக்குள் உட்கார்ந்து பதினாறு வருஷம் அவருக்கு அடியெடுத்துக் கொடுத்தவன் இந்த ஜுண்டல்தான். வாரத்துக்கு ஒரு புது நாடகம் போட்டால் எவன்தான் பாடம் செய்வான்? நான் முணுமுணுப்பேன். அவர் அதை வாங்கி, மூன்று மாடியும் மூக்கைச் சிந்தும்படி சொல்வார். கைதட்டல் அவருக்கு, தொண்டைக் கட்டு எனக்கு.

ருமேனியாவில் யாஸி நகரத்தில் கையுறை தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஒரு நாடகக் கோஷ்டியோடு ஓடிப்போனார். கப்பலேறி இங்கே வந்தபோது கூடவே மனைவி மிர்ல் வந்தாள். இரண்டாம் குளிர்காலத்தில் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கல்யாண மோதிரத்தை, கல் பதிக்காத வெறும் பொன் வளையம், தன் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மேடையில் நூறு தடவைக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் இல்லை.

மேடைக் கல்யாணத்துக்கு எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் ஜனங்களில் மாப்பிள்ளை தனக்குச் சொந்தமான மோதிரத்தைப் பெண்ணின் விரலில் போட்டு, இரண்டு சாட்சிகள் பார்க்க, அந்த ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் அவன் மனைவி. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டால் யார் கேட்பது? அதனால் கொட்டகையின் தகர டப்பாவில் இருக்கும் கண்ணாடிக்கல் மோதிரத்தைத்தான் எடுப்போம். வாக்கியம் பாதி வந்ததும் நான் பெட்டியைத் தட்டுவேன், பிடில் அலறும், திரை விழும். முழுதாக எவனும் சொன்னதில்லை.

1913 வசந்தத்தில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். யூதக் கதை ஒன்று எடுக்கிறார்களாம், கிழட்டு மரவியாபாரி ஏழைப் பெண்ணைக் கட்டுகிற கதை. ஆன்ஷலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. பெண் வேஷத்துக்கு எங்கள் ரெய்ட்ஸா, இருபத்திரண்டு வயது. நிஜத்தில் அவளுக்கு நாஃப்தாலி என்ற மருந்துக்கடைக்காரனோடு நிச்சயமாகி, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

சினிமா அவரைப் பைத்தியமாக்கியது. கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை, முகத்துக்கு மஞ்சள் சாயம். முதல் நாள் காலையில் அவரைச் சாகச் சொன்னார்கள். சாயங்காலம் பெண் பார்க்கப் போகச் சொன்னார்கள்.

"ஜுண்டல், இப்ப நான் உயிரோட இருக்கேனா, செத்துட்டேனா?"

"பெண் பார்க்கப் போறீங்க. செத்தவன் போவானா?"

"காலைலதானே செத்தேன். இன்னும் நெஞ்சு படபடங்குது. அதுக்குள்ள சிரின்னா எப்படிடா?"

கையை அகலமாக வீசினால் இயக்குநர் "குறை, குறை" என்று கத்துவார். குறைத்தால் ஆன்ஷலுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. படத்தில் சத்தம் கிடையாது என்பதால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் உத்தரவு. பழக்கதோஷத்தில் கூடப்போய், ஒரு மரப்பெட்டி மேல் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் கல்யாணக் காட்சி. நிஜத் தாடி வேண்டுமென்று இயக்குநர் எங்கள் தெரு ஜெப ஆலயத்திலிருந்தே ஆறு பெரியவர்களைக் கூலிக்குக் கூட்டி வந்திருந்தார். கண்ணாடிக்கல் மோதிரம் வெயிலில் மின்னிப் படத்தைக் கெடுக்கிறதாம். வெறும் வளையம் இருக்கிறதா என்றார். ஆன்ஷல் யோசிக்காமல் சங்கிலியிலிருந்து மிர்லின் மோதிரத்தைக் கழற்றினார். "எதையாவது பேசுங்கள், யாருக்கும் கேட்காது" என்றார் இயக்குநர். எதையாவது என்றால் எதை? அடியெடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் அவர் வாய் ஒரு கணம் வெறுமனே அசைந்தது. பிறகு, ரெய்ட்ஸாவின் விரலில் மோதிரத்தைப் போட்டபடியே, முப்பது வருஷத்துக்கு முன்னால் மிர்லிடம் சொன்னது அப்படியே வந்தது. "இந்த மோதிரத்தால், மோசேயின் நியாயப்படியும் இஸ்ரவேலின் நியாயப்படியும், நீ எனக்கு உரியவள்." நான் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அதற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இயக்குநர் கைதட்டினார். தாடிக்காரர்கள் கைதட்டவில்லை. அவர்களில் இறகு வியாபாரி கால்மென் முன்னால் வந்து, மரியாதைக்கு ஒரு 'ரெப்' சேர்த்துக் கூப்பிட்டார்.

"ரெப் ஆன்ஷல், மோதிரம் யாருது?"

"என்னோடது."

"வாக்கியத்தை முழுசா சொன்னீங்க. நாங்க பார்த்துட்டு நின்னோம். இப்ப இந்தப் பொண்ணு யாரு?"

ரெய்ட்ஸா சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாளே எல்லோரும் எங்கள் மதகுரு ரபியின் சமையலறையில் இருந்தோம். விவாகரத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்றுதான் நான் நினைத்தேன். நாஃப்தாலி அங்கேதான் தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் பழைய ஆலயத்துப் பூசாரிகளின் வம்சம். அந்த வம்சத்தான் விவாகரத்தான பெண்ணைக் கட்டக் கூடாது. சந்தேகத்துக்காக ஒரு பத்திரம் எழுதினால்கூடக் கட்டக் கூடாது. அப்படியென்றால் எழுதினாலும் அவள் கல்யாணம் போயிற்று, எழுதாவிட்டாலும் போயிற்று. ரெய்ட்ஸா அழுத அழுகையை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

"சொல்லும்போது மனசுல என்ன இருந்தது?" என்றார் ரபி.

"தெரியலை ரபி. சத்தியமா தெரியலை. என் மனசுல என்ன இருக்குன்னு இத்தனை வருஷமா வேற யாரோதான் எழுதிக் குடுத்தாங்க. முதல்ல மிர்ல் முகம் தெரிஞ்சது. அப்புறம் இந்தக் குழந்தை முகம் தெரிஞ்சது. யாருக்குச் சொன்னேன்னு கேட்டா..."

"மனசு கிடக்கட்டும், அதை நான் அளக்க முடியாது. மோதிரம் உங்களோடதா? உங்களோடது இல்லேன்னா கல்யாணமே ஆகலை. பத்திரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கால்மென் வாயைத் திறந்தார். ரபி கையைக் காட்டி அடக்கினார். ஆன்ஷல் ரெய்ட்ஸாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோதிரத்தை மறுபடி கோத்திருந்த சங்கிலியைத் தடவினார்.

"கொட்டகையோடது. நேத்துப் பெருமைக்கு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

ரபி என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"ஆமாங்க. சாமான் டப்பால கிடந்தது" என்றேன்.

ரபி அந்தச் சங்கிலியை வெகுநேரம் பார்த்தார். தேய்ந்து போன வளையம், தேய்ந்து போன கொக்கி. குருடனுக்குக்கூடப் புரிந்திருக்கும். "அப்ப கொட்டகைச் சாமானைக் கொட்டகை ஆள்கிட்ட குடுத்துடுங்க. என் எதிர்லேயே" என்றார். ஆன்ஷல் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கல்யாணம் குறித்த செவ்வாய்க்கிழமையே நடந்தது. ஆன்ஷல் வரவில்லை.

மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். தனக்குச் சொந்தம் என்று அவர் கை நீட்டினால் அவள் கல்யாணம் செல்லாது என்பது அவர் கணக்கு. அது தகர டப்பாவிலேயே கிடந்து, யார் யார் விரலிலோ ஏறி இறங்கியது. இன்னும் நான்கு படங்களில் நடித்தார். நான்கிலும் கையைக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

நான்கு வருஷம் கழித்து ஊறுகாய்க்கடை ஷ்ப்ரின்ட்ஸா அவருக்கு வெள்ளிக்கிழமைதோறும் சூப் கொண்டுவர ஆரம்பித்தாள். விதவை, கெட்டிக்காரி, அவர் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கே பொறாமையாக இருந்தது.

"கட்டிக்கோங்களேன்" என்றேன்.

"எனக்குப் பொண்டாட்டி இருக்காளா இல்லையாடா?"

"இல்லைன்னு ரபியே சொல்லியாச்சு."

"நான் சொன்னதை வச்சுச் சொன்னார். நான் சொன்னது பொய். அப்ப இருக்கான்னுதானே அர்த்தம்? ரெண்டு பொண்டாட்டி கட்ட நமக்கு அனுமதி இல்லையே."

"போய் உண்மையைச் சொல்லிடுங்க, ஒரு வழி பிறக்கும்."

"ரெய்ட்ஸாவுக்கு ரெண்டு பிள்ளைங்க ஆச்சு ஜுண்டல்."

எது பொய், எது பாவம், யார் தலையில் என்று யோசித்தால் தலை சுற்றியது. அவர் ஷ்ப்ரின்ட்ஸாவிடம் "நான் கல்யாணமானவன்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். மனைவி யார், எங்கே என்று ஷ்ப்ரின்ட்ஸா கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. ஊரில் மனைவியைத் தவிக்க விட்டு இங்கே வந்து மறைந்து வாழும் ஆண்களின் படங்களைப் பத்திரிகையில் போட்டுக் கிழித்த காலம் அது. ஷ்ப்ரின்ட்ஸா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் ஆன்ஷல், மனைவியைக் கைவிட்ட கயவன் ஆனார். மேடையில் அவர் வந்தால் மாடியிலிருந்து பெண்கள் சீறினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நடைபாதையில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ரெய்ட்ஸா, தள்ளுவண்டியில் சின்னவனை வைத்து வந்தாள். நின்று அவரை நேராகப் பார்த்தாள்.

"பொண்டாட்டி செத்துட்டான்னு ஊரையே நம்ப வச்சீங்களே, ரெப் ஆன்ஷல். உயிரோட இருக்கிறவளை அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்துச்சு? அவ பாவம் இல்லையா?"

நான் பேச வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"தப்புத்தாம்மா" என்றார். வண்டி போவதற்கு நடைபாதையிலிருந்து இறங்கி வழி விட்டார்.