பங்குனி அந்தியில் நட்ட கல்

சிதம்பரத்தில் நிலம் அளந்து பிழைக்கும் செம்பியனுக்கு, கடலூர் சார்லஸ் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். இருவரிடமும் இருப்பது ஒரே ரக ஜிபிஎஸ் கருவிதான். ஆனால் இரண்டு வருடமாகக் காட்டுமன்னார்கோயில் வரைக்கும் ஜனங்கள் சார்லஸைத்தான் கூப்பிடுகிறார்கள்.

சம்பா அறுத்து வயல் காலியாகும் மாசி, பங்குனியில்தான் அளவு வேலை குவியும். வெயிலுக்குப் பயந்து செம்பியன் நாலு மணிக்குத் தொடங்கி டார்ச் வெளிச்சத்தில் எட்டு வரை அளப்பான். சார்லஸோ தவக்காலம் என்று ஐந்துக்கே மூட்டை கட்டிக்கொண்டு சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு இவ்வளவு பேரா! செம்பியனுக்குத் தாங்கவில்லை.

இந்தப் பங்குனியில் ராமாமிர்தம் வீட்டுப் பாகப்பிரிவினைக்குக் கல் நட்டான். கல் தள்ளியிருக்கிறதென்று பங்காளிகள் சண்டை பிடித்தார்கள். ராமாமிர்தம் சார்லஸை வரவழைத்தார். இதிலும் தோற்றால் இந்தப் பக்கம் தன்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று செம்பியனுக்குத் தெரியும்.

மத்தியானம் மூன்று மணிக்கு சார்லஸ் அளந்தார். கல் ஒன்றரை அடி தள்ளி நின்றது. செம்பியனைத் தனியே கூட்டிப்போனார்.

"எத்தினி மணிக்கு வச்ச?"

"ஏழே முக்கால்ண்ணே. அஞ்சு வருஷம் முந்தியும் அதே நேரத்துலதான் அளந்தேன், இம்மி பெசகல."

"அஞ்சு வருஷம் முந்தி சூரியனோட சீத்தம் அடங்கிக் கெடந்துச்சு. இப்ப ஆட்டம் போடுது. பொழுது சாஞ்சதும் ரொம்ப ஒசரத்துல மின்சாரம் ஏறுன காத்து கொதிச்சு கொப்புளம் கொப்புளமா கெளம்புது. சாட்டிலைட் சிக்னல் அதுல மாட்டித் தடுமாறுது. பங்குனியிலயும் புரட்டாசி, ஐப்பசியிலயும்தான் ஜாஸ்தி. ஆனி, ஆடியில கம்மி. பதினோரு வருஷத்துக்கு ஒருக்கா சூரியன் இப்பிடித்தான் சீறும்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரெண்டாயிரத்துப் பதினாலுல நானும் இதே மாரி ராத்திரியில அளந்து கல்ல மாத்தி நட்டேன். பேரு போச்சு. அப்புறந்தான் படிச்சுத் தெரிஞ்சிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏண்ணே ஒரு வார்த்த சொல்லல?"

சார்லஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நடுவுல அஞ்சாறு வருஷம் எல்லாரும் ஒன்னையதான கூப்ட்டாங்க. எனக்குப் பொறாம. போதுமா?"

ராமாமிர்தத்தின் பங்காளிகள் அத்தனை பேரும் பார்க்க, தன் கல்லைத் தானே பிடுங்க வேண்டியிருந்தது செம்பியனுக்கு. கடப்பாரை போட்டு நெம்பினான். கல் அசைந்தது. அவமானம்தான். ஆனாலும் சார்லஸுக்கே தன்மேல் பொறாமையா என்று நினைக்க நினைக்க, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் வயிறு குளிர்ந்தது.