ரப்பர் கத்தியும் இரண்டு ஓரகத்திகளும்

கத்திக்குத்தைத் தடுக்கக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் கத்தியால் ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவெல்லாம் ஜோடி சேர்ப்பதில்தான். தையலோ, டியூஷனோ, டிரைவிங்கோ, எதைக் கற்றுக்கொடுத்தாலும் சரி, நாலு பேரை ஒழுங்காக நிற்கவைக்கப் பாடுபட்ட சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்கிறேன். ஒருவர் ரப்பர் கத்தியால் குத்த வருவார். மற்றவர் விலகி, மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, கத்தியைப் பிடுங்க வேண்டும். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதற்கு உயரம் ஒத்த ஜோடி தேவை. என் வகுப்பில் கச்சிதமாக ஒத்துப்போன ஒரே ஜோடி மாலதியும் சுதாவும்தான்.

வந்தது வினை. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். நிலத்தைப் பாகம் பிரித்தபோது போர்செட் யாருக்கு என்பதில் பேச்சு நின்றுபோனது. புருஷன்மார் டீக்கடையிலேயே சமாதானமாகிவிட்டார்கள், இவர்கள் ஆகவில்லை. இளையவள் சுதாவிடம் ஸ்டேஷன் பக்கம் ஒருவன் கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவள் கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. வகுப்பில் இந்தப் பயிற்சி உண்மையாகவே தேவைப்பட்டவள் அவள்தான். அவள் சேர்ந்த மறுவாரமே மாலதியும் வந்து சேர்ந்தார். உடம்பைக் குறைக்க என்றார். நானும் நம்பியதுபோல் தலையாட்டி வைத்தேன்.

குத்தத் தெரியாத கை

ருக்மணி அக்கா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். அவர் கையில் கத்தியைக் கொடுத்துக் குத்தச் சொன்னேன். கத்தியை வயிற்றுக்கு நேரே செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பயப்படுகிறார் என்று நினைத்து, சும்மா குத்துங்க என்றேன். சட்டென்று எதிரே நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, கத்தியின்மேல் வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

நான் படித்த எந்தத் தற்காப்பு முறையிலும் இந்தத் தாக்குதல் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். அரிவாள்மணையில் உட்கார்ந்தே பழகியவர் அல்லவா, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க தொழில்ல கத்தி நின்ன எடத்துலதாங்க நிக்கும். காய்தான் அதுக்கிட்ட வரணும்."

மரியாதைக் குத்து

பவித்ரா மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் அவளுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர், இப்போது ரிட்டயர்டு. பவித்ரா ஓடி வருவாள், பாதியில் நின்றுவிடுவாள், "குத்தட்டுங்களா டீச்சர்" என்று கேட்பாள். கொலைகாரன் பாதி வழியில் நின்று அனுமதி கேட்டால் தற்காப்பே தேவையில்லை என்று எடுத்துச் சொன்னேன். அதற்கப்புறம் பாதியில் நிற்காமல் வந்தாள். ஆனால் கால் டீச்சர் மேல் பட்டுவிட்டது. உடனே கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. கீழே கிடந்த கத்தியைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னார்: "வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னப்பெல்லாம் என்னைக் குத்தணும்னுதானே நெனச்ச? எடுத்துட்டு வா."

தூது

என் வகுப்பில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. குத்துகிறவர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் "ம்" என்ற பிறகே அசைய வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு பிசகிவிடும். மாலதியும் சுதாவும் இந்த விதிக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாலதி, பக்கத்தில் நிற்கும் ருக்மணி அக்காவிடம், அவங்க ரெடியான்னு கேளுங்க என்பார். சுதாவும் அவரிடமே, ரெடின்னு சொல்லுங்க என்பாள். ருக்மணி அக்கா இரண்டையும் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து ஜோடி நாலு தடவை குத்தியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வாரம் மரக்கத்தி, பட்டால் வலிக்கும், நேராகப் பேசாத ஜோடிக்கு அது கிடையாது, வகுப்பும் கிடையாது என்றேன். சுதாவின் முகம் விழுந்துவிட்டது. சொன்னதும் எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டது ருக்மணி அக்கா ஒருவர்தான். "பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும்கூட நான் இவ்வளவு தூது போனதில்ல மேடம்."

மரக்கத்தி

மறுவாரம் இருவருமே வந்தார்கள். மரக்கத்தி முதலில் சுதா கைக்குப் போனது. சுதா "ரெடியா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். மாலதி ஜன்னலைப் பார்த்து "ம்" என்றார். இதைப் பேச்சில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதே சுதா குத்த வந்தாள், மாலதி விலகி, அழகாகக் கத்தியைப் பிடுங்கிவிட்டார்.

திருப்பிக் கொடுப்பதில்தான் சிக்கல். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் பக்கத்தில் யாரும் கொடுப்பதில்லை. தரையில் வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். ரப்பர் கத்திக்கும் இதே மரியாதைதான். குனிந்து நிமிர்வதிலேயே என் வகுப்பில் பாதி நேரம் போய்விடும். மாலதிக்கோ முழங்கால் வலி. கத்தியைக் கீழே வைக்கக் குனிந்தவர் பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சுதா ஒரு எட்டு முன்னால் வந்து, ஒரு கையால் அவர் தோளைத் தாங்கி, மறு கையை நீட்டினாள். "கையிலயே குடுங்கக்கா. இனிமே நமக்குள்ள புதுசா என்ன சண்டை வந்துடப் போவுது."

கத்தியைப் பிடுங்க என்னிடம் எத்தனையோ வழி இருக்கிறது, பேச ஆரம்பித்துவிட்ட இரண்டு ஓரகத்திகளை நிறுத்தத்தான் ஒரு வழியும் இல்லை.