பொரி தின்னாத மீன்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு எலுமிச்சம்பழத் தோலின் வாசனைதான். பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அம்மா கைப்பையிலிருந்து பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்து, என் வலது கை விரல்கள் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து, மோந்து பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடியும் தேய்ப்பாள். மாதா கோயிலில் பூசை முடிந்து பெரியம்மா வீட்டில் வஞ்சிர மீனோ வவ்வால் மீனோ வயிறு முட்டச் சாப்பிட்ட வாசனை, அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் படியேறிவிடக் கூடாது. அசைவம் சமைக்கக் கூடாது, உள்ளே கொண்டுவரவும் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். அப்பாவின் லேத் பட்டறைக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போய்விடலாம் என்பதால் அப்பா தலையாட்டினார், மூன்று வருடமாக அம்மாவும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த எலுமிச்சை மூடியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறோம், திருடிவிட்டா வருகிறோம்?

எனக்குப் பத்து வயதில் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். அதற்கு என் ஞானத்தகப்பன் ஒரு கண்ணாடித் தொட்டியும், அழகாக இருக்கிறதே என்று கடையில் கைகாட்டிய ஒரே ஒரு மீனும் வாங்கித் தந்தார். ‘ஆஸ்கார்’ என்றார்கள். கையகல நீளம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், யாரையும் மதிக்காத ஒரு பார்வை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. நாய் கூடாது, பூனை கூடாது என்று கறாராகச் சொன்ன வீட்டுக்காரர், மீன் என்றதும் முகம் மலர்ந்து, “மீன் வளர்க்கிறது வீட்டுக்கு ரொம்ப நல்லதும்மா” என்று தாமே ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து, தொட்டியை வடகிழக்கு மூலையில் வைத்துக் கொடுத்தார். அது என்ன தின்னும் என்று அவர் கேட்கவில்லை. எங்களுக்கும் தெரியாது.

கடையில் கொடுத்த ‘குருணை’த் தீனியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சப்பாத்தி மாவை உருட்டிப் போட்டேன், பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்துப் போட்டேன், எல்லாம் அடியில் கிடந்து ஊறி நாறியதுதான் மிச்சம். விஷயம் தெரிந்த வீட்டுக்காரர், காலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பிடி பொரியோடு மாடியேறி வந்தார். “கோயில் குளத்துல எத்தனை மீன் இருக்கு, எல்லாம் பொரி தின்னுதானே வளருது!” என்பார். ஒருநாள் ஆஸ்கார் மேலே வந்து ஒரு பொரியை வாய்க்குள் இழுத்தது. அவர் கைதட்டுவதற்குள் துப்பிவிட்டு, தொட்டியின் காற்று மோட்டாருக்குப் பின்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் சிரித்தபடியே, “பழகிடும்மா. பசிச்சா எல்லாம் பழகிடும்” என்றார். அம்மா மிதந்த பொரியை அள்ளி எடுத்தாள். பழகிப்போன முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளிடம் கவனித்தேன்.

பத்தாவது நாள் மீன் நிறம் வெளுத்து, வயிறு ஒட்டி, அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. நான் அழுத அழுகையில் அம்மா என்னை அந்த மீன் கடைக்கே இழுத்துக்கொண்டு போனாள். கடைக்கார அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாக்கா, இதுக்குப் போயி பொரி போட்டுகினு கீறீங்க? இது வேட்டை மீனுக்கா. இங்க கீற வரைக்கும் உயிர் மீனா துன்னுகினு இருந்துச்சி. எறா வாங்கி உரிச்சி, சின்னதா கிள்ளி, ஈர்க்குச்சில குத்தி தண்ணில ஆட்டிக் காட்டு. உசுரோட கீதுன்னு நெனச்சி கவ்விக்கும். இன்னும் ரெண்டு நாளு உட்டீன்னா அவ்ளோதான்.”

முந்தின நாள்தான் அப்பா, “வம்பே வேணாம், கடையிலயே திருப்பிக் குடுத்துடு. வேற வீட்டுக்கு எங்க அலையறது?” என்று சொல்லியிருந்தார். அம்மா சிறிது நேரம் கடைவாசலில் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மார்க்கெட்டுக்கு நடந்து, அரைக் கிலோ எறா வாங்கினாள். ஒரு மீனுக்கு எதற்கு அரைக் கிலோ என்று கேட்டேன், அவள் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டாள். அந்தக் கறுப்புப் பையை முந்தானைக்குள் மறைப்பாள் என்று நினைத்தேன். கையிலேயே ஆட்டிக்கொண்டு வீட்டுக்காரரின் வாசலைத் தாண்டிப் படியேறினாள்.

துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, நுனியில் எறாத் துண்டைக் குத்தி, அம்மா தண்ணீருக்குள் மெல்ல ஆட்டினாள். மீன் கண்ணை மட்டும் உருட்டியது. குச்சியை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆட்டினாள், அப்போதும் நகரவில்லை. மூன்றாம் முறை குச்சி விருட்டென்று வளைந்து, தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தபோது துண்டைக் காணோம். நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். நான்கு துண்டு தின்றபின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மீதி எறாவைப் பார்த்தாள். “அதுக்கு மட்டும்தான் பசியா?” என்று சொல்லிவிட்டு அடுப்பில் வாணலியை வைத்தாள். மிளகாய்த்தூளும் பூண்டும் எறாவும் சேர்ந்து வறுபட்ட அந்த வாசனைக்கு அவள் ஒரு ஜன்னலையும் சாத்தவில்லை.

வீட்டுக்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மேலே வந்தார். நடந்ததையெல்லாம் நான்தான் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “வாயில்லா ஜீவன், அதுக்கு மட்டும்னா போகட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா இந்த அடுப்பை அணைச்சிடுங்கம்மா” என்றார். மீனுக்கு விலக்கு, எங்களுக்குக் கிடையாது. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது அவர் காட்டிய அந்த இரக்கத்தின் மேல்தான்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “மீனும் துன்னும் சார், நாங்களும் துன்னுவோம்” என்றாள்.

மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு கைகழுவி வந்து தட்டின் முன் உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு வை” என்றார். பட்டாபிராமுக்குக் குட்டியானை வண்டியில் சாமான்கள் போனபோது, மீன் என் மடியில் வாளிக்குள் இருந்தது.

அந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் நாலு மாடி ஃபிளாட் நிற்கிறது. மீன் கடையும் போய்விட்டது. ஆஸ்கார் ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக வளர்ந்து, தின்று தீர்த்து, நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் செத்தது. எலுமிச்சை மூடியை அம்மா அன்றைக்கே விட்டுவிட்டாள். போகாமல் இருப்பது அந்த நிபந்தனை ஒன்றுதான். போன மாதம் முகப்பேரில் நானும் கணவரும் ஒரு வீடு பார்க்கப் போனோம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், சமையலறையில் நல்ல வெளிச்சம். எல்லாம் காட்டி முடித்த வீட்டுக்கார அம்மாள், “நீங்க வெஜ்ஜா?” என்றார். கணவர், “வீட்ல அவ்வளவா சமைக்க மாட்டோம்...” என்று இழுத்தார்.

“நாங்களும் சாப்பிடுவோம், எங்க மீனும் சாப்பிடும்” என்றேன் நான்.

அந்த வீடு கிடைக்கவில்லை. எங்களிடம் இப்போது மீன் எதுவும் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை.