சிவப்பு மை படாத தாள்

என் பேத்தியின் மீது எனக்குப் பொறாமை உண்டு. இவ்வாக்கியத்தை எழுதிய பின் இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். அழிக்கத் தோன்றவில்லை.

நான் குச்சவெளியில் மகளின் வீட்டில் இருந்துவருகிறேன். பேத்தி படிக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ஆசிரியர் கிடையாது. இவ்வருடம் திருகோணமலை நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றில், இத்தகைய சிறிய பள்ளிக்கூடங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை வகுப்பொன்றை ஆரம்பித்தார்கள். கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டணம் இல்லை. பேத்தி தெரிவு செய்யப்பட்டாள். அவளைப் பஸ்ஸில் கூட்டிச் சென்று கூட்டிவரும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். அது பாசத்தினால் என்று வீட்டார் நினைத்தனர்.

என் பள்ளிப் பருவத்தில் விஞ்ஞானம் படிப்பதென்றால் ஊரை விட்டுப்போய் விடுதியில் தங்க வேண்டும். அது எங்கள் வீட்டுக்கு ஏலாத காரியம். எட்டாம் வகுப்போடு துறைமுகத்துக்கு வந்து, கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகில் கயிறு பிடித்தேன். துறைமுக வாசலில் கச்சான் கடலை விற்ற ஒருவர் சுருள் சுற்றுவதற்காகப் பழைய புத்தகங்களை நிறுத்து வாங்கி வைத்திருப்பார். அந்தக் குவியலில் ஒரு பௌதிகப் புத்தகம் கிடந்தது. நான் கண்டபோது அதன் முதற் பக்கங்கள் கச்சானோடு போய்விட்டிருந்தன. மிகுதியை வாங்கி, கப்பலுக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட ஓய்வில் படகின் மேல்தட்டில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் படித்தேன். எனக்குக் கற்பித்தவர் எவரும் இலர்.

அதன் பயனாக என்னிடம் ஒரு வசனம் இருந்தது. “எனக்கும் ஒரு வகுப்புக் கிடைச்சிருந்தால் நான் இண்டைக்கு என்ஜினியர்.” இதை நான் சொல்லும்போதெல்லாம் மகள் மறுக்க மாட்டாள்.

“ஓம் அப்பா, நீங்கள் என்ஜினியர்தான். இப்ப அந்தத் தண்ணி மோட்டரை ஒருக்காப் பாருங்கோ.”

வகுப்பு நடக்கும்போது பெற்றோர் விறாந்தையில் காத்திருப்பார்கள். நான் என் கதிரையை யன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொள்வேன். மகனைக் கூட்டிவரும் கிண்ணியாப் பெண்ணொருத்தி முதற் கிழமையிலேயே இதைக் கவனித்துவிட்டாள்.

“ஐயா, இஞ்ச படிக்கிறது பேத்தியா, நீங்களா?”

“பேத்திதான் தங்கச்சி. நான் சும்மா காத்து வாங்கிறன்.”

“காத்து கடல் பக்கமெல்லோ வருது ஐயா? நீங்க யன்னலுக்குள்ள தலைய விட்டிருக்கீங்க.”

யன்னலூடாக நான் கண்டவை என் நெஞ்சை அறுத்தன. ஆசிரியர் விசையை விளக்கிக்கொண்டிருக்கையில் என் பேத்தி கொப்பியின் ஓரத்தில் பூ வரைந்துகொண்டிருப்பாள். கொட்டாவி விடுவாள். எனக்குக் கிடைக்காத ஒன்று அவள் மடியில் கொட்டப்படுகிறது. அவளோ பாவாடையை உதறுகிறாள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை ஆசிரியர் கேட்டார்: “எண்பது மீற்றர் உயரமான மலை உச்சியில தேங்காய் உடைக்கப் போறீங்கள். கை தவறித் தேங்காய் கடலுக்க விழுது. எவ்வளவு நேரத்தில விழும்?”

பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். எனக்கோ மனத்திலேயே விடை வந்துவிட்டது. காத்திருக்க முடியவில்லை.

“இரண்டேகால் செக்கன்!”

வகுப்பு முழுவதும் யன்னலைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தலையை நிமிர்த்தினாள். “சேர், எனக்கு நாலு செக்கன் வருது. அந்த ஐயாவின்ர தேங்காய்க்கு ஏதோ அவசரம் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள். ஆசிரியர், என் மகளிலும் இளையவர், சிரிக்கவில்லை.

“புவியீர்ப்புக்கு என்ன போட்டனீங்கள் ஐயா?”

“முப்பத்திரண்டு.”

“அது அடிக் கணக்குக்கு ஐயா. மீற்றரில எண்டால் பத்து. நீங்கள் படிச்ச புத்தகத்தின்ர முதல் பக்கத்தில இருந்திருக்குமே?”

இருந்திருக்கும். யாரோ கச்சான் தின்றுவிட்டு அதைக் கடலில் எறிந்திருப்பார்கள். என் வாழ்நாளில் பெரும்பகுதியை முப்பத்திரண்டு என்ற அந்த எண்ணோடு கழித்திருக்கிறேன். மீற்றர் வந்த பின்னரும் அது பிழை என்று எனக்குச் சொல்ல ஒருவருமில்லை. போன கிழமை பேத்தியும் இதே போல அலகைக் குழப்பினாள். ஆசிரியர் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார், அவள் திருத்திக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வாங்கு, அந்தப் பலகை, அந்த ஆய்வுகூடம் எதன்மேலும் இப்போது எனக்கு ஆசையில்லை. அந்த ஒற்றைக் கோட்டின்மேல்தான் எரிச்சல் முழுவதும் வந்து நின்றது.

“வெளியில நிண்டு சொல்லாமல் உள்ளுக்கு வாங்கோ ஐயா,” என்றார் ஆசிரியர்.

போனேன். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். பேத்தி முகத்தைச் சுளித்தபடி கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். ஆசிரியர் ஐந்து கணக்குகள் கொடுத்தார். ஐந்தையும் செய்தேன். என் வசனம் உண்மையா இல்லையா என்பது அந்தத் தாளில் இருக்கிறது என்ற எண்ணத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

அவர் சிவப்புப் பேனையோடு வாங்கு வாங்காக வந்தார். பேத்தியின் கொப்பியில் மூன்றை வெட்டினார். பிறகு என்னிடம் வந்தார். இரண்டாவது கணக்கில் அவருடைய கண் நின்றதை நான் பார்த்தேன். பேனை தாளை நோக்கித் தாழ்ந்தது, பின் உயர்ந்தது.

“நல்லம் ஐயா. வடிவா எழுதியிருக்கிறீங்கள்.”

“பிழை இருந்தால் வெட்டுங்கோ சேர்.”

“என்ன ஐயா கதைக்கிறீங்கள்? உங்கட வயசுக்கு நான் சிவப்பு மை போடுறதோ? அது மரியாதையில்லை.” மூடியைப் போட்டுக்கொண்டு முன்னே சென்றுவிட்டார்.

பஸ்ஸில் பேத்தி உம்மென்று இருந்தாள். “எனக்கு மூண்டு பிழை. உங்களுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அம்மப்பா.”

அவளுடைய கொப்பியை வாங்கி விரித்தேன். வெட்டிய ஒவ்வொரு கணக்கின் அருகிலும், எந்த வரியில் வழி தவறியது என்று ஆசிரியர் சிறிய எழுத்தில் குறித்திருந்தார். என் தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். அது சுத்தமாக இருந்தது. இரண்டாவது கணக்கை நிலாவெளி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கே பிழைத்தேன் என்று பிடிபடவில்லை. பேத்தி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

வீட்டு வாசலில் மகள் நின்றாள். நான் உள்ளே போய் இருந்து படித்த கதையைப் பேத்தி படலையிலேயே சொல்லிவிட்டாள்.

“என்ன அப்பா,” என்றாள் மகள், “என்ஜினியர்தானோ?”

“தெரியாது,” என்றேன். “சேர் சொல்லேல்லை.”