மண்ணெண்ணெய்க்கு மாற்றிய நேரம்

கிளிநொச்சிக் கராஜில் என் பழைய கார் ஸ்டார்ட் ஆனது, இருமியது, நின்றுவிட்டது. மூன்றாம் முறையும் நின்றபோது மெக்கானிக் பெற்றோல் குழாயைக் கழற்றி மணந்து பார்த்தார்.

"அண்ணை, ஆரோ மண்ணெண்ணெய் கலந்து வித்திருக்கிறாங்கள். உங்களுக்கு மணக்கேல்லையே?"

எனக்கா மணக்காது? போரில் பொருளாதாரத் தடை போட்டு வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் எங்கள் சோற்றிலும் சட்டையிலும் அந்த மணம்தான். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் கொஞ்சமாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அப்பாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அம்மாவை வயலில் பாம்பு கடித்த அன்று, வாசல் படலை தாண்டியதுமே மாற்றிவிட்டார். கார் நின்றது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்த்ததில், மிச்சமிருந்த பெற்றோலும் முடிந்தது.

"ஏனப்பா அதுக்குள்ளை மாத்தினனீங்கள்?" என்று கத்தினேன்.

"ஆஸ்பத்திரியாலை வரவும் பெற்றோல் வேணுமெல்லே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அயல்வீட்டு உழவு இயந்திரம் வர ஒரு மணித்தியாலம் சென்றது. அம்மா பிழைக்கவில்லை. அப்பா சாகும்வரை நான் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவுமில்லை. அப்படித்தான் நடக்கும் என்று அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். உழவு இயந்திரம் புறப்படும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"அப்பாவை ஏசாதை மோனை. அந்த மனிசன் நான் திரும்பி வருவன் எண்டுதானே யோசிச்சவர்."